சைகோனுக்குப் போன பணம்

1875 ஜனவரி 21 அன்று பாரிசில் ஓர் அரசாணை பிறந்தது. இந்தோசீன வங்கி என்ற பெயரில் ஒரு வங்கியைத் தொடங்க அந்த ஆணை இடம் கொடுத்தது. தலைமையகம் பாரிசில் இருக்கும். ஆனால் நோட்டு அச்சிட்டுப் புழக்கத்தில் விடும் உரிமை இரண்டு குடியேற்றங்களுக்காகத் தரப்பட்டது. ஒன்று, பிரெஞ்சுக்காரர் பிடித்துப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த சைகோன். மற்றொன்று புதுச்சேரி. அங்கே பியாஸ்தர், இங்கே ரூபாய். இரண்டுக்கும் பின்னால் ஒரே வங்கி. நம் ஊரில் அது இருந்த கட்டடம் பாரதி பூங்காவை ஒட்டி லபூர்தொன்னே வீதியில் இன்றும் நிற்கிறது. இப்போது அதில் யூகோ வங்கி நடக்கிறது.

பிரெஞ்சுப் பணம் புதுச்சேரிக்கு வந்ததன் அடையாளமாகவே அந்தக் கட்டடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். சாவனா மில், ரோடியர் மில் என்று வெளிப்பணம் இங்கே வந்து இறங்கிய கதை ஊரறிந்தது. நான் சொல்ல வந்தது எதிர்த்திசைக் கதை. தமிழ்நாட்டின் வறண்ட சீமையில் சேர்ந்த பணம் வங்காள விரிகுடாவைக் கடந்து போய் இன்னொரு நாட்டின் வயலில் முதலாக இறங்கிய கதை. ஏழை நாட்டிலிருந்து வெளியே போகும் நேரடி முதலீடு என்று இன்று பேசுகிறார்களே, அது நம் பக்கத்தில் பிறந்த விதம் இதுதான்.

பாடப்புத்தகத்தின்படி அது பிறந்திருக்கவே கூடாது. பணம் மிகுந்த நாட்டில் அதற்கு வருமானம் குறைவு, பணம் அரிதான நாட்டில் அதிகம். ஆகவே அது பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கே ஓட வேண்டும். 1990இல் ராபர்ட் லூகாஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். எளிய சூத்திரத்தின்படி இந்தியாவில் முதலுக்குக் கிடைக்க வேண்டிய வருமானம் அமெரிக்காவைப்போல் 58 மடங்கு என்று வந்தது. அப்படியானால் உலகத்துப் பணமெல்லாம் இந்தியாவில் கொட்ட வேண்டுமே, ஏன் கொட்டவில்லை என்று அவர் கேட்டார். ஜான் டன்னிங் 1981இல் வேறொரு படம் வரைந்திருந்தார். நாடு ஏழையாக இருக்கும்வரை முதலீடு உள்ளே வரும், வெளியே போவது இல்லை என்றே சொல்லலாம். நாடு வளர வளரத்தான் அதன் நிறுவனங்கள் அயல்நாட்டில் கால் வைக்கும் என்றார். இன்றைய பெரும்பாலான நாடுகளுக்கு இந்தப் படம் பொருந்துகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வட்டிக்கடைகளுக்கு மட்டும் பொருந்தவில்லை.

அதற்கு முன்பே தமிழ்ப் பணம் கடல் கடக்கவில்லையா என்று கேட்கலாம். கடந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) ஆனந்தப் புரவி என்ற கப்பலையே சொந்தமாக வைத்திருந்தார். மணிலாவுக்கும் மொரீசியசுக்கும் போய்வரும் கப்பல்களின் சரக்கும் இலாபமும் அவர் நாட்குறிப்பில் ஓயாமல் வருகின்றன. ஆனால் அது வாணிபம். கப்பல் போகும், சரக்கு விற்கும், பணம் திரும்பும். ஒரு பயணத்தோடு ஒரு கணக்கு முடிந்துவிடும். நேரடி முதலீடு என்பது வேறு. பணம் அங்கேயே தங்க வேண்டும், அதை நடத்தும் பிடி இங்கே இருக்க வேண்டும். அயல்நாட்டு நிறுவனத்தில் குறைந்தது பத்து விழுக்காடு வாக்குரிமை இருந்தால் நேரடி முதலீடு என்று இன்று சர்வதேச நிதியம் வரையறுக்கிறது. பிடி என்பதை அளக்க அவர்கள் வைத்த கோடு அது. அந்தக் கோட்டால் அளந்தால் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் நூற்றுக்கு நூறு தேறும்.

நகரத்தார் ஆங்கிலேயர் போன வழியே போனார்கள். முதலில் இலங்கை, பிறகு பினாங்கு, சிங்கப்பூர். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் ரங்கூன். சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது 1859. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சின்சீனா முழுவதும் பிரான்சின் கைக்குப் போயிற்று. சிங்கப்பூரில் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களுக்குச் சைகோன் தொலைவான ஊர் அல்ல. புதிய துறைமுகம் திறந்தால் அரிசி போகும், அரிசி போனால் கடன் வேண்டும் என்பது அவர்களுக்குப் பர்மா சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்தக் கடைகள் நடந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஊரில் இருக்கும் முதலாளி கடல் தாண்டுவதே அபூர்வம். கடையை நடத்த ஓர் ஆள் போவார். மூன்று வருடக் கணக்கு; அதற்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்தாகும். கடன் கொடுக்கவும் நிலத்தை ஈடு வாங்கவும் வழக்குப் போடவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்படும். அவர்தான் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாக மரப்பெட்டிகளும் பாயும் போட்டு, பல விலாசத்துக் கடைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிட்டங்கி என்று பெயர். பகலில் அது கடை, இரவில் படுக்கை. மனைவி மக்கள் ஊரில். பெட்டியடிப் பையனாகப் பதினைந்து வயதுக்குள் கப்பல் ஏறியவன், தவணை முடிந்து ஊர் திரும்பி, அடுத்த தவணைக்கு அடுத்தாளாகப் போய், ஒருநாள் மேலாளாகி, கடைசியில் தானே பங்கு போட்டுக் கடை வைப்பான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை பழகியிருக்கும். சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்த அவர் எழுதியது அங்கிருந்த தமிழர் உலகம். சைகோன் கடைகளிலும் அதே முறைதான்.

பணம் எங்கிருந்து வந்தது? பங்காளிகள் போட்ட முதல் ஒரு பகுதி. ஆச்சிமார் சீராகக் கொண்டுவந்து வட்டிக்கு விட்ட ஆச்சிப் பணம் ஒரு பகுதி. கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கிய மகமைப் பணமும் கடையிலேயே புரண்டது. ஒரு கடைக்கு முடை வந்தால் இன்னொரு கடை உண்டியல் எழுதிக் கொடுக்கும். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று தீர்மானிப்பார்கள். கடைகள் தமக்குள் அந்த விகிதத்தில் கொடுக்கல் வாங்கல் செய்யும். ஐந்தொகை ஊருக்கு வரும். முதலாளி காரைக்குடித் திண்ணையில் உட்கார்ந்து, மேகாங் கரையில் எந்தக் கடன் வாராக் கடன் என்று பார்ப்பார். மழை பொய்க்கிற சீமையில், கிணறு வற்றினால் ஊரே தவிக்கிற இடத்தில், இப்படி ஒரு பன்னாட்டு நிதி நிர்வாகம் நடந்தது.

ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் பணத்தைக் கடல் கடத்தாது. அதற்கு வழி போட்டவர்கள் வேறு. 1862 முதல் மெசாழெரி நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் பிரான்சுக்கும் சைகோனுக்கும் இடையே ஓடத் தொடங்கின. இலங்கைத் துறைமுகத்தில் மாறி ஏறினால் புதுச்சேரியிலிருந்தும் அந்த வழியைப் பிடிக்கலாம். நிலத்தை அளந்து, பட்டா போட்டு, ஈடு வைக்கத் தக்கதாக்கியது பிரெஞ்சு ஆட்சி. கடன் திரும்பாவிட்டால் நிலத்தைப் பிடித்துக் கொடுக்க நீதிமன்றமும் வந்தது. மேகாங் வடிநிலத்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1880இல் சுமார் ஐந்து லட்சம் எக்டேராக இருந்த நெல் நிலம் 1930களின் கடைசியில் 22 லட்சம் எக்டேரைத் தொட்டது. சதுப்பை வயலாக்க மாடு வேண்டும், விதை வேண்டும், அறுவடைவரை சோறு வேண்டும். சேற்று நிலத்து உழவனுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க இந்தோசீன வங்கிக்கு மனமும் இல்லை, ஆளும் இல்லை. வங்கி செட்டியாருக்குக் கொடுத்தது. செட்டியார் தம் பணத்தையும் சேர்த்து நிலக்கிழாருக்குக் கொடுத்தார். நிலக்கிழார் குத்தகை உழவனுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு படியிலும் வட்டி ஏறியது. அடிப்படியில் நின்றவன்தான் முழு வட்டியும் கட்டினான். இதை விட்டுவிட்டு நகரத்தார் சாதனையை மட்டும் பாடுகிற கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அவை பாதிக் கதையாகவே படுகின்றன.

இந்த ஏற்பாட்டில் புதுச்சேரிக்காரர்களின் இடம் தனியானது. நகரத்தார் பெரும்பாலும் ஆங்கிலேயப் பிரஜைகள். சைகோனில் அவர்கள் அயலார். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களோ பிரான்சின் பிள்ளைகள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி 1873இல் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் போய், தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி உரிமை பெற்றவர். அவர் போன்றோர் கிளப்பிய அலை 1881 செப்டம்பர் 21 ஆணையில் முடிந்தது. சொந்தச் சமூக வழக்குகளைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டால் முழு உரிமை என்றது அந்த ஆணை. அப்படி எடுத்தவர்கள்தான் ரெனோன்சான்கள். அவர்களில் பலர் சைகோனுக்குப் போனார்கள். அஞ்சலகம், காவல், சிறை, கருவூலம், நீதிமன்ற எழுத்து வேலை, கலங்கரை விளக்கம் என்று ஆட்சியின் கீழ்ப்படிகளில் அமர்ந்தார்கள். கொச்சின்சீனாவிலிருந்து பாரிசுக்குப் போகும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அவர்கள் வாக்குக்கு விலை இருந்தது. சந்தை வரிக் குத்தகையிலும் துணிக்கடையிலும் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். சைகோனின் தோங் தூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது.

ஆக, ஒரே துறைமுகத்தில் இரண்டு வகைத் தமிழர். செட்டியார் முதலோடு போனார், புதுச்சேரிக்காரர் சம்பளத்துக்குப் போனார். செட்டியார் வைத்த வழக்கின் காகிதம், புதுச்சேரிக்காரர் எழுத்தராக உட்கார்ந்திருந்த நீதிமன்ற மேசைக்கும் வரும். வியட்நாமிய உழவன் பார்வையில் இருவரும் ஒன்றுதான். ஆட்சியின் கூடவே வந்தவர்கள்.

அந்தப் பார்வை கூர்மையானது 1930க்குப் பிறகு. உலகப் பொருளாதாரம் சரிந்து அரிசி விலை பாதிக்கும் கீழே போனது. கடன் வாங்கியபோது இருந்த விலைக்கு இரண்டு மூட்டை போதும் என்றால், திருப்பும்போது நான்கு ஐந்து மூட்டை வேண்டியிருந்தது. கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. பர்மாவில் இது பேரளவில் நடந்தது. 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் முதல் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்த நிலம் ஆறு விழுக்காடு. 1938இல் அது இருபத்தைந்து விழுக்காடு.

அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது திரும்பி வரும் பணம். நான்கு போகம் விளைந்தால்தான் காசாகும் வயல் அவருக்குச் சுமை. ஆயினும் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்துக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? தாத்தா காட்டை வெட்டித் திருத்திய வயலுக்குப் பேரன் குத்தகை கட்டினான், கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒருவருக்கு. 1930இலும் 1938இலும் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. சைகோனில் நாளேடுகள் செட்டியார்களைக் குறிவைத்தன. கடனில் மூழ்கிய நிலக்கிழார்களைக் காப்பாற்றப் பிரெஞ்சு ஆட்சி நீண்ட காலக் கடன் திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

என் கருத்தில் இந்த முதலீட்டின் விதி அந்தப் பத்தாண்டில்தான் எழுதப்பட்டது, யுத்தத்தில் அல்ல. கடனாக இருந்தவரை பணத்துக்குக் கால் இருந்தது. நிலமாக மாறியதும் அது நட்டுவைத்த கல்லாகிவிட்டது. அதைக் காத்து நின்றது ஒரு பேரரசின் சட்டம். பேரரசு போனால் பட்டாவும் போகும்.

அப்படியே நடந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தனர். ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் கப்பலிலும், கால்நடையாக அரக்கான், மணிப்பூர் மலைவழிகளிலும் வெளியேறினார்கள். வழியிலேயே மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. பேரேட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்த மேலாள்களின் கதை செட்டிநாட்டில் பல வீடுகளில் உண்டு. பர்மா விடுதலை பெற்ற 1948இலேயே நில தேசியமயச் சட்டம் வந்தது, 1953இல் மறுபடி. நட்ட ஈடு என்று கிடைத்தது பெயருக்குத்தான். வியட்நாமில் சாவு மெல்ல வந்தது. 1956இல் தென்வியட்நாம் அரசு ஒருவர் 100 எக்டேருக்கு மேல் நெல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு அயல்நாட்டார் பதினோரு தொழில்களில் ஈடுபடக் கூடாது என்று ஆணையிட்டது. குறி சீனர்கள்மேல், தமிழர் துணிக்கடைகளும் சேர்ந்து அடிபட்டன. 1975இல் எஞ்சியவர்களும் கிளம்பினார்கள். சைகோனில், முன்பு ஓயே வீதியாக இருந்த தெருவில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மாரியம்மன் கோயிலில் இப்போது அதிகம் கும்பிடுகிறவர்கள் வியட்நாமியர்கள்.

போனது போகட்டும், ஊருக்கு என்ன வந்தது? புதுச்சேரிக்கு வந்தது சம்பள மிச்சமும் ஓய்வூதியமும். சைகோன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தாக்களின் ஓய்வூதியம், வியட்நாமியப் பெண்களை மணந்து அழைத்துவந்த குடும்பங்கள், அவர்கள் கைப்பக்குவத்தில் இங்கே ஊன்றிய நேம் என்ற வியட்நாமியப் பலகாரம். அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள், பலர் பிரான்சுக்கே போனார்கள். ஆனால் அது ஒரு தொழிற்சாலையாகக் கூடவில்லை. ரோடியர் மில் 2020இல் முறையாக மூடப்பட்டபோது, ஒருகாலத்தில் ஊரில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிய வைத்த ஆலைக்கு முதல் போட உள்ளூரில் எவரும் இல்லை என்பது எனக்குப் பெரிய வலி. நூற்றாண்டுகளாக வெளித்தொடர்பு உள்ள ஊர் இது.

செட்டிநாட்டுக்கு வந்தது வேறு. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் வைத்த வீடுகளை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அதைவிடப் பெரியவை வேறு உண்டு. புதுச்சேரியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், 1929இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து 1953இல் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பர்மாவில் 1900 வாக்கில் லேவாதேவி தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களிலேயே முதலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டது. அதிலிருந்து 1949இல் சென்னை அம்பத்தூரில் சைக்கிள் ஆலை வந்தது. அதே கடைத்தெருவில் அதே தொழில் செய்து, இன்னொரு போகம் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் 1942இல் நடந்து வந்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் இடையே அறிவில் பெரிய வேறுபாடு இருந்திருக்க முடியாது. நேரம்தான் வேறு.

இந்தக் கதையில் ஒரு மறுபிறப்பும் உண்டு. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளே மூன்று கிளைகள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அடுத்து பினாங்கு. இந்தியாவில் பிறந்த எத்தனையோ வங்கிகள் உள்ளூரில் கிளை பரப்பி, பணம் சேர்ந்த பிறகு வெளிநாட்டைப் பார்த்தன. இது வெளிநாட்டுக்கென்றே பிறந்தது. காலத்தைப் பாருங்கள்: பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிக்கப்பட்டதும் 1937தான். அந்த நேரத்தில் கிட்டங்கிப் பெட்டியை வங்கியாக மாற்ற நினைத்தார் அவர். நிலத்தை ஈடு பிடிக்கிற வேலையை விட்டு, அந்நியச் செலாவணியும் வைப்பும் கொண்டு நடக்கும் வங்கி. ஒரு குடும்பத்தின் விலாசத்தை நம்பாமல் ஒரு நிறுவனத்தின் பெயரை நம்பலாம். அவர் 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார், வங்கி அவருக்குப் பின்னும் வளர்ந்தது.

1969 ஜூலையில் இந்திரா காந்தி பதினான்கு வங்கிகளை அரசுடைமையாக்கினார். மலேசியச் சட்டம் அயல்நாட்டு அரசுகளுக்குச் சொந்தமான வங்கிகளை ஏற்கவில்லை. ஆகவே இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன், யுனைட்டெட் கமர்சியல் ஆகிய மூன்று வங்கிகளின் மலேசியக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்து 1973இல் யுனைட்டெட் ஏசியன் பேங்க் என்ற உள்ளூர் வங்கியாக்கினார்கள். லபூர்தொன்னே வீதிக் கட்டடத்தில் இன்று இருக்கும் யூகோ, அந்த மூன்றாவது வங்கிதான்.

சுதந்திர இந்தியாவின் வெளிமுதலீடு முற்றிலும் வேறு தொட்டிலில் வளர்ந்தது. பிர்லாக்கள் 1959இல் எத்தியோப்பியாவில் நெசவாலை வைத்ததைத்தான் இன்றைய புத்தகங்கள் முதல் முயற்சி என்று எழுதுகின்றன; நகரத்தாரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 1969 விதிகளின்படி வெளிநாட்டில் பங்கு வேண்டுமென்றால் பணமாக அல்ல, இந்திய எந்திரமாகக் கொண்டுபோக வேண்டும். அந்நியச் செலாவணி உயிர்நீராக இருந்த காலம். அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். 1992இல் கதவு கொஞ்சம் திறந்தது, 2000க்குப் பின் அகலத் திறந்தது. இன்று ஓர் இந்திய நிறுவனம் தன் நிகர மதிப்பைப்போல் நான்கு மடங்குவரை வெளியே போடலாம். 2000இல் டாடா நிறுவனம் இங்கிலாந்தின் டெட்லி தேயிலையை 27 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2007இல் கோரஸ் உருக்கு நிறுவனத்தைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. குறைந்த வருமான நாடு என்ற வரிசையிலிருந்து உலக வங்கி இந்தியாவை மேலே ஏற்றியதும் 2007ஆம் ஆண்டு வருமானத்தை வைத்துத்தான்.

கோரசுக்குப் போன பணத்திலும் பெரும்பகுதி கடன். சைகோன் செட்டியாரின் கையில் இந்தோசீன வங்கியின் பணம் இருந்ததுபோல இங்கும் வேறு வங்கிகளின் பணம். அங்கும் ஒரு சரிவு வந்தது. கோரசோடு டாடா கைக்கு வந்த, வேல்சின் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது. 2,800 பேர்வரை வேலை இழக்கும் நிலை. அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில், தம் ஊரின் விதி எங்கோ மும்பையில் தீர்மானிக்கப்படுகிறது என்ற கசப்பு இருக்கிறது. பர்மிய உழவனின் கசப்புக்கும் இதற்கும் அளவில் ஒப்பே இல்லை. வேல்சுக்காரருக்கு வாக்கும் தொழிற்சங்கமும் இழப்பீடும் உண்டு. ஆனாலும் ஏழை நாட்டின் பணம் வெளியே போவதை நம் பெருமையாக மட்டும் எழுதும்போது, அது போய் இறங்கும் ஊரையும் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். போன நூற்றாண்டில் நாம் பார்க்கத் தவறியது அதைத்தான்.

இன்றைக்கும் குறைந்த வருமான நாடுகளின் பட்டியலில் இருக்கும் டோகோவின் தலைநகர் லோமேயில் எகோபேங்க் என்று ஒரு வங்கி 1985இல் பிறந்தது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் கிளைகள். டன்னிங்கின் படத்தில் அதற்கும் இடமில்லை. ஆனால் அதைத் தொடங்கியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதலை ஒரே ஊரில் திரட்டவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வணிகர்களிடமும் தொழில் கழகங்களிடமும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பங்கு விற்றார்கள். கடன் வாங்கப்போகிறவர்களின் நாட்டிலேயே உடைமையாளர்களும் இருந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் நடப்பு வட்டி பேசக் கூடியவர்களில் பர்மியர் ஒருவரும் இல்லை.